மூன்று சுழி

ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு சிற்றிதழில் நான் எழுதிய கட்டுரையை இனி யாரும் தேடி எடுத்துப் படிக்கக் கூடாது என்பது என் ஆசை. 1940களில் எழுதிய ஒரு சிறுகதைக்காரரைப் பற்றியது. அவர் பெயர் இங்கே வேண்டாம்; அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருடைய கதை ஒன்றில் கோடை முடிந்து முதல் மழை விழும் இடத்தில் 'மண்ணின் மனம்' என்று இருந்தது. எல்லாரும் மண்ணின் மணம், மண்ணின் மணம் என்று எழுதித் தேய்த்துவிட்ட இடத்தில் இந்த மனுஷன் ஒற்றை எழுத்தை மாற்றி நிலத்துக்கே ஒரு அகத்தைக் கொடுத்துவிட்டார் என்று இரண்டு பத்தி எழுதினேன். முதற்பொருள், உரிப்பொருள் எல்லாம் அதில் வந்தன. நண்பர்கள் அந்தப் பத்திகளைத்தான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தார்கள்.

பத்து நாள் கழித்து திருமங்கலத்திலிருந்து ஒரு போன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இதழில் கேட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

"தம்பி, கட்டுரை நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம கையில இருக்கிற புஸ்தகத்துல மூணு சுழியில்ல போட்டிருக்கு?"

எனக்கு உடனே புரியவில்லை. "எந்தப் பதிப்புங்க ஐயா?" என்று கேட்டேன், கொஞ்சம் தெனாவட்டாகவே.

"அவரு உசுரோட இருக்கையில வந்தது. நீங்க எதைப் பாத்து எழுதுனீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து காப்பி எடுத்திருந்தேன். யார் தட்டச்சு செய்தது, எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தது, யார் சரிபார்த்தது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. எங்கோ ஒரு கை தவறியதில் மூன்று சுழி ண, இரண்டு சுழி ன ஆகிவிட்டது. அந்தக் கைத்தவறின் மேல்தான் நான் என் ரசனையைக் கட்டி எழுப்பியிருந்தேன். இத்தனைக்கும் அலுவலகத்தில் யாராவது டேட்டா எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் ரிப்போர்ட் போட்டால் முதலில் சத்தம் போடுகிறவன் நான்தான்.

அந்தப் போனுக்குப் பிறகு மதுரைத் திட்டத்தின் கோப்புகளில் நூலுக்கு மேலே இருக்கும் நாலைந்து வரிகளைப் படிக்க ஆரம்பித்தேன். அதுவரை சினிமா டைட்டிலைத் தள்ளிவிடுவது போல அதைத் தள்ளிவிட்டு நேராக நூலுக்குப் போய்விடுவேன். உள்ளிட்டவர் ஒரு நாட்டில் இருப்பார், மெய்ப்பு பார்த்தவர் இன்னொரு நாட்டில். வலைப்பக்கமாக ஆக்கியவர் சுவிட்சர்லாந்தின் லோசானில். யார் வேண்டுமானாலும் இந்தக் கோப்பை எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் இந்த முகப்புப் பக்கத்தை நீக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை. நான் காப்பி எடுத்தது போன்ற தளங்கள் முதல் வேலையாக வெட்டுவது அந்த முகப்பைத்தான்.

1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது. லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ச்சுனன் துணை நின்றார். மைக்கேல் ஹார்ட் 1971-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் முன்மாதிரியாக ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வதும் அன்றைக்குத் தமிழில் செய்வதும் ஒன்றல்ல. 1998-ல் தமிழில் ஒரு கோப்பு அனுப்பினால் எதிரில் இருப்பவரிடமும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐரோப்பிய எழுத்துக் குப்பைதான் தெரியும். கல்யாணசுந்தரமே 'மயிலை' என்று ஒரு எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தார். பிறகு டிஸ்கி வந்தது, அதற்குப் பிறகு யூனிகோட். டிஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டாக இருக்கும். யூனிகோடில் முதலில் க, அப்புறம்தான் ஒகரக் குறி. இந்த மாதிரி மாற்றங்களில் எழுத்துகள் இடம் மாறி விழும். ஒரு கம்பெனியில் என்றால் இதற்கு ஒரு டீம், ஒரு பட்ஜெட், இரண்டு வருஷம். இவர்கள் ராத்திரி வேலை முடிந்த பிறகு செய்தார்கள். முதல் கோப்பு திருக்குறள்.

பாராட்டு போதும். அந்த முகப்பு வரிகளை வரிசையாக நூறு கோப்புகளில் படித்தபோது ஒரு குறை உறுத்த ஆரம்பித்தது. தட்டச்சு செய்தவர் பெயர் இருக்கிறது, மெய்ப்பு பார்த்தவர் பெயர் இருக்கிறது. எந்த அச்சு நூலைப் பார்த்துச் செய்தார்கள் என்பது தொடக்க காலத்தில் ஏறிய பல கோப்புகளில் இல்லை. பிற்பாடு ஏற்றியவற்றில் மூலநூலின் தலைப்புப் பக்கம், அச்சகம், ஆண்டு எல்லாம் வருகின்றன. ஆனால் நாம் அதிகம் எடுத்தாள்வது தொடக்கத்தில் ஏறிய சங்க இலக்கியமும் காப்பியங்களும்தானே. உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது தொடங்கி, எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று முகவுரையில் எழுதுவதை ஒரு கடனாகவே செய்தவர். பாடபேதத்தை அடியில் கொடுப்பார். 'இது நான் தேர்ந்த பாடம், வேறு பாடமும் உண்டு' என்று வாசகனிடம் ஒப்புக்கொள்வது அது. நூறு வருஷம் கழித்து நாம் கணினிக்கு வந்தபோது அந்த ஒப்புதல் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. திரையில் இருப்பது ஒரே பாடம், வானத்திலிருந்து இறங்கியது போல. என்னைப் போன்றவன் அதை நம்புவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? (இதைச் சொல்லும்போது என் தப்பைப் பங்கு போட்டுக்கொடுப்பது போலத் தெரியலாம். கொஞ்சம் அப்படித்தான்.)

லோசானில் இருந்தவர்கள் 'மதுரை' என்று பெயர் வைத்தது சங்கத்தை நினைத்து. மதுரைக்காரனான எனக்குச் சங்கம் என்றால் சிம்மக்கல் பக்கம் தமிழ்ச் சங்கம் ரோடு. பாண்டித்துரைத் தேவர் 1901-ல் தொடங்கிய நான்காம் தமிழ்ச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகையில் நூறு முறை கடந்திருப்பேன், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அவரைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கதை சொல்வார்கள். ஒன்று, மதுரைக்குப் பேச வந்தவர் மேற்கோள் பார்க்கக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம், ஊரில் ஒரு பிரதி அகப்படவில்லையாம். அந்த வெட்கத்தில்தான் சங்கமே பிறந்தது என்பார்கள். இன்னொன்று, ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் எதுகை சரியில்லை என்று குறளையே 'திருத்தி' அச்சடித்தாராம். தேவர் அத்தனை பிரதிகளையும் விலைக்கு வாங்கி அழித்தாராம்.

சின்ன வயதில் இரண்டாவது கதைதான் பிடித்திருந்தது. இப்போது முதல் கதை. புத்தகம் கையில் இல்லை என்பதற்காக ஒரு கூட்டம் சேர்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. இரண்டாவது வைத்தியம் இன்றைக்குச் செல்லவும் செல்லாது. இணையத்தில் தவறான பிரதியை மொத்தமாக வாங்கி எரிக்க முடியாது. என் மண்ணின் மனமே எத்தனை இடத்தில் கிடக்கிறதோ. சரியான பிரதி ஒன்றை, அதன் சாட்சியோடு, பக்கத்திலேயே வைக்கத்தான் முடியும். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்திலிருந்து 2005-ல் வந்த நூலகம் திட்டம் பக்கங்களைப் படமெடுத்து வைப்பதைப் பிரதான வேலையாக எடுத்துக்கொண்டதன் அருமை எனக்கு இப்படித்தான் புரிந்தது. படம் பொய் சொல்லாது. சுழியை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் விக்கிமூலத்துக்கு நான் வந்து சேர்ந்தது அதனால்தான். அங்கே ஒரு பக்கம் ஸ்கேன் படம், இன்னொரு பக்கம் கணினி வாசித்துக் கொடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். யாரும் தொடாத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் மறுபடி படித்துச் சரி என்றால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருளே விடாது. எழுதியவனே தன் கோடை அங்கீகரிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலிலும் உள்ள விதி என்பதால் அது எனக்கு உடனே பிடித்தது.

கணினி செய்யும் தப்புகளுக்கு ஒரு குணம் உண்டு. ர-வும் காலும் அதற்கு ஒன்று. தமிழ் எண்ணில் ௧௨ என்று போட்ட பக்க எண் 'கஉ' ஆகிவிடும். ஔவையார் 'ஒளவையார்' ஆகிவிடுவார். பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் நாமே பலர் 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்தாகத்தான் தட்டுகிறோம். ஒன்றைத் தேடினால் இன்னொன்று சிக்காது. ஔவையார் இருக்கும் பக்கத்திலேயே தேடல் 'இல்லை' என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

என் தப்புகளின் குணம் வேறு. ஆரம்பத்தில் ஒரு நூலில் 'பிரயாணஞ் செய்து' என்று இருந்ததை 'பிரயாணம் செய்து' என்று மாற்றினேன். பழைய ஆளுங்க, அச்சுப்பிழை என்று நினைப்பு. மறுநாள் யாரோ ஒருவர் பழையபடி மாற்றி 'நூலில் உள்ளபடி' என்று இரண்டே சொல் குறிப்பு வைத்திருந்தார். திட்டவில்லை, பாடம் எடுக்கவில்லை. யாரென்று இன்றுவரை தெரியாது. எத்தனையோ வாசகர் வட்டங்களில் இருந்திருக்கிறேன். வருஷத்துக்கு ஐம்பது புத்தகம் முடித்துப் பட்டியலும் போட்டிருக்கிறேன். அங்கெல்லாம் என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள், நான் சரியாகப் படித்தேனா என்று ஒருவரும் பார்த்ததில்லை. இங்கே என் அபிப்பிராயம் யாருக்கும் வேண்டாம். நான் ஒற்றை விட்டேனா என்பதுதான் கேள்வி.

அதற்காக இதைச் சொர்க்கம் என்று எழுத மாட்டேன். நாட்டுடைமையான நூல்கள் மொத்தமாக வந்து குவிந்திருக்கின்றன; கை கம்மி, சிவப்புப் பக்கங்கள் மலையாகக் கிடக்கின்றன. 2020-ல் இந்திய மொழி விக்கிமூலங்களில் மெய்ப்புப் போட்டி நடத்தினார்கள். வேலை வேகமாக நடக்கும்தான், ஆனால் புள்ளிக்காகப் படிக்கும்போது கண் ஓடும். இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாவலின் 112-ஆம் பக்கத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்திருக்கிறேன், கதாநாயகி பிழைத்தாளா என்று எனக்குத் தெரியாது. இதையும் வாசிப்பு என்று சொல்லலாமா? சில நாள் ஆமாம் என்று தோன்றுகிறது. சில நாள் இது பார்சல் கட்டுகிற வேலை, சாப்பிடுகிறவர் வேறு எங்கோ இருக்கிறார்.

என் சிறுகதைக்காரரின் தொகுப்பும் அந்தக் குவியலில் இருந்தது. அந்தப் பக்கம் சிவப்பாகவே கிடந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுழி மூன்றுதான். அச்சு கொஞ்சம் ஈறியிருந்தாலும் எண்ண முடிந்தது. பக்கம் முழுக்கத் திருத்தி மஞ்சளாக்கினேன். சிற்றிதழின் அடுத்த இதழில் நாலு வரியில் திருத்தமும் போட்டோம். ஸ்க்ரீன்ஷாட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஐயாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அப்புறம் மாதம் ஒருமுறை பேசும்போதெல்லாம் "பச்சையாயிருச்சா தம்பி?" என்று கேட்பார். இல்லைங்க ஐயா, வேற ஆளு பாக்கணும் என்பேன். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு திருமங்கலம் போனேன். அவர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். திரையில் இருந்த ஸ்கேன் போதாதென்று தன் புத்தகத்தையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்து மெல்லப் படித்துக்கொண்டே வந்தார். மூணு சுழியைத் தாண்டிப் போய்விட்டார், ஒன்றும் சொல்லவில்லை. நாலு வரி கீழே போனதும் விரல் நின்றது.

"இங்க ஒரு க் விட்டிருக்கீங்களே தம்பி. எங்க தட்டணும் இதை?"