குத்துச்சண்டை இலக்கியத்தில் தோற்றோர் நிலை

மேனாட்டு விளையாட்டுக்களுள் உரைநடை இலக்கியத்தோடு நெருங்கிய உறவு பூண்டவற்றுள் குத்துச்சண்டை தலையாயது எனலாம். இதற்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இருவர், ஒரு சிறு மேடை, ஒளிந்துகொள்ள இடமின்மை, முடிவில் ஒருவன் நிற்றல், ஒருவன் வீழ்தல். ஒரு நாடகத்திற்கு வேண்டுவன யாவும் ஈண்டு இயல்பாகவே அமைந்து கிடக்கின்றன. அதிலும் ஹெவிவெயிட் எனப்படும் மிகுஎடைப் பிரிவுக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. ஏனைய பிரிவுகட்கு எடையின் மேல்வரம்பு உண்டு, இதற்கு இல்லை. ஆதலின் இப்பிரிவில் வென்றவனை உலகின் வலியோன் என்றே மக்கள் கொண்டனர். அவனுக்கு நிகரான ஒருவன் எதிர்தோன்றியவிடத்து, அவ்விருவர் பெயரும் பிரிக்கலாகாத இரட்டைப் பெயராகி, நாடுகளின் பகையையும் இனங்களின் மானத்தையும் சுமக்கலாயின.

இத்தகைய இணைப்பகைகளைப் பற்றி எழுந்த நூல்களை ஒரே வினாவை முன்னிறுத்தி யாம் இங்கு ஆராயப் புகுகின்றோம். அந்நூல்கள் தோற்றவனுக்குச் செய்தது என்ன? வென்றவன் புகழை எழுதுதல் எவர்க்கும் எளிது; அவன் புகழே பாதி எழுதிவிடும். எழுத்தாளனின் நடுவுநிலை வெளிப்படும் இடம் மற்றையவன் பக்கமேயாகும்.

இவ்வினா எமக்குப் புதிதன்று. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் வென்றான். அவனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்தான். அவ்வெற்றியைப் பாடவந்த வெண்ணிக் குயத்தியார், வென்ற வேந்தனையே முன்னிலைப்படுத்தி, நாணி வடக்கிருந்தவன் அவனினும் நல்லன் என்னும் கருத்தமையப் பாடினார். புறநானூற்றின் 66-ஆம் பாட்டு அஃது. பரிசில் தரும் கைக்கு முன் நின்று இதனைக் கூறுதற்கு எத்துணை உரன் வேண்டும்! தமிழ்ப் பாட்டொன்றை அளவுகோலாகக் கொண்டு ஆங்கில உரைநடையை அளத்தல் முறையோ எனச் சிலர் ஐயுறலாம். ஆங்கிலத்திலேயே அதற்கு ஒப்பானதோர் எடுத்துக்காட்டு உளதாகலின் அவ்வையம் நில்லாது.

வில்லியம் ஹாஸ்லிட் 1822-இல் வெளியிட்ட ‘சண்டை’ என்னும் கட்டுரையே அஃது. 1821 டிசம்பர் 11-ஆம் நாள் ஹங்கர்போர்டு என்னும் ஊரருகே பில் நீட் என்பானும் டாம் ஹிக்மன் என்பானும் கையுறையின்றிப் பொருததை அது கூறும். கட்டுரையின் பெரும்பகுதி வண்டிப் பயணத்தையும் விடுதிப் பேச்சையும் பற்றியது; சண்டை வருதற்குள் படிப்போர் பொறுமை சற்றே சோதிக்கப்படும் என்பதை மறைக்கவேண்டுவதில்லை. சண்டைக்கு முன் ஹிக்மன் காட்டிய செருக்கை ஆசிரியர் வெளிப்படையாகவே கடிகின்றார். ஆனால் முகம் சிதைந்து உருத்தெரியாது போன பின்னரும் அவன் மீண்டும் மீண்டும் எழுந்து வந்து பொருத காலை, அதனையே மனித உறுதியின் உயர்நிலையாகக் காட்டுகின்றார். வென்ற நீட் நம் நினைவில் மங்கிவிடுகின்றான்; தோற்ற ஹிக்மனே நிற்கின்றான்.

அடுத்த நூற்றாண்டில் இவ்விளையாட்டு நாடுகளின் சுமையைத் தாங்கலாயிற்று. அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜோ லூயிஸ், ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங் ஆகிய இருவரின் பகை இதற்குத் தலைசிறந்த சான்று. 1936 சூன் 19-ஆம் நாள் நியூயார்க்கின் யாங்கி அரங்கில் முதன்முறை பொருதனர். இடக்கையால் குத்தியபின் லூயிஸ் அக்கையைத் தாழ்த்திவிடுதலை ஷ்மெலிங் முன்னரே கூர்ந்து கண்டிருந்தார். அவ்விடைவெளியில் வலக்கையைச் செலுத்தி 12-ஆம் சுற்றில் அவரை வீழ்த்தினார். ஜெர்மனியின் ஆட்சியாளர் அவ்வெற்றியைத் தம்முடையதாக்கிக் கொண்டனர். அச்சண்டை பற்றிய திரைப்படம், ஷ்மெலிங்கின் வெற்றி ஜெர்மனியின் வெற்றி எனப் பொருள்படும் பெயரோடு அந்நாட்டு அரங்குகளில் ஓடிற்று. அன்றிரவு நியூயார்க்குத் தெருக்களில் வளர்ந்த ஆடவரும் அழுததைக் கண்டதாகக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

1938 சூன் 22-ஆம் நாள் அதே அரங்கில் மீண்டும் பொருதனர். எழுபதாயிரம் பேருக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். 124 நொடிகளில் எல்லாம் முடிந்தது. ஷ்மெலிங் முதுகெலும்பில் முறிவுற்று மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டார்.

இவ்விரு சண்டைகளையும் ஒருங்கே நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொரு நாடும் தன் வீரனைக் கொண்டாடியதே அன்றி அவனை அறியவில்லை. ஷ்மெலிங்கின் மேலாளரான ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர், அவரை விலக்குமாறு வற்புறுத்தப்பட்டும் ஷ்மெலிங் இணங்கவில்லை, ஆளுங்கட்சியில் சேரவுமில்லை. 1938 நவம்பரில் யூதர்மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்ட இரவில் இரு யூதச் சிறுவரைத் தம் விடுதியறையில் மறைத்துக் காத்தார். அச்சிறுவருள் ஒருவர் 1989-இல் கூறிய பின்னரே இஃது உலகிற்குத் தெரியவந்தது. மறுபுறம், 1938-இல் அமெரிக்காவின் காவலனாகப் போற்றப்பட்ட லூயிஸ், தம் நாட்டின் பல பகுதிகளில் வெள்ளையரோடு ஓர் உணவு விடுதியில் அமரவும் இயலாதவர். 1942-இல் கடற்படையினர்க்கும் தரைப்படையினர்க்குமான துயர்துடைப்பு நிதிகட்குத் தம் சண்டை வருவாயை வழங்கினார். அதே நாடு பின்னாளில் வரிப்பாக்கி கேட்டு அவரை நெருக்கி வறுமையில் தள்ளிற்று. அக்காலை அவர்க்கு உதவியவருள் ஷ்மெலிங்கும் ஒருவர். லூயிஸ் 1981-இல் மறைந்தார். ஷ்மெலிங் 99 ஆண்டுகள் வாழ்ந்து 2005-இல் மறைந்தார்.

லூயிஸின் சண்டைகள் பற்றிய எழுத்துக்களுள் இரண்டினை யாம் உயர்வாகக் கருதுகின்றோம். ஒன்று, மாயா ஆஞ்சலு 1969-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் வரும் ஓர் இயல். அர்க்கன்சா மாநிலத்தின் சிற்றூர்க் கடையொன்றில் கறுப்பின மக்கள் வானொலியைச் சூழ்ந்திருந்து லூயிஸின் சண்டையைக் கேட்பதை அது தீட்டுகின்றது. குத்துக்கள் ஒன்றேனும் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கேட்போர் மூச்சே சண்டையாகிறது. லூயிஸ் தளர்கையில் தம் இனமே தாக்குண்பதாக அவர்கள் நடுங்குகின்றனர். அவர் வென்ற பின்னரும், தொலைவிலிருந்து வந்தோர் அன்றிரவு ஊரிலேயே தங்கிவிடுகின்றனர். அத்தகைய வெற்றி நாளில் தனிவழியில் கறுப்பினத்தார் அகப்படுதல் நன்றன்று என்பதே காரணம். வெற்றியின் உள்ளேயே அச்சத்தைக் காட்டிய இவ்வியலுக்கு நிகரானது இத்துறையில் அரிது. மற்றொன்று, டேவிட் மார்கோலிக் 2005-இல் வெளியிட்ட ‘பியாண்ட் குளோரி’ என்னும் நூல். ஷ்மெலிங்கின் நற்செயல்களைக் கூறும் இந்நூல், அவரைத் துறவியாக்கிவிடவில்லை. ஆட்சியாளரோடு அவர் இணங்கிச் சென்ற இடங்களையும் ஒளியாது காட்டுகின்றது. தோற்றவனைப் போற்றுதல் வேறு, அவனுக்கு நேர்மை செய்தல் வேறு என்பதனை இதனால் உணரலாம்.

இவ்விளையாட்டு அமெரிக்காவிற்கு வெளியே பரவிய வரலாறு விரிந்தது. ஈண்டுச் சில கூறி அமைவாம். கியூபா 1962-இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடைசெய்தது. ஆயினும் 1972, 1976, 1980 ஆகிய ஒலிம்பிக்குகளில் மிகுஎடைப் பிரிவில் பொன் வென்ற தியோபிலோ ஸ்டீவன்சன் அந்நாட்டவரே. பெரும்பொருள் தருவதாக அழைத்தும் அவர் தொழில்முறைக்கு வரவில்லை. அதனால் அவர்க்கு நிகர்ப்பகைவன் எவனும் வாய்க்கவில்லை, காதையும் எழவில்லை. உக்ரைன் நாட்டுக் கிளிச்கோ உடன்பிறந்தார் இருவரும் ஜெர்மனியின் அரங்குகளையே தம் களமாக்கிக் கொண்டனர். 2017-இல் லண்டன் வெம்பிளி அரங்கில் ஜோஷுவா இளைய கிளிச்கோவை வென்றபோது ஏறத்தாழ 90,000 பேர் கூடினர். 2024-இல் உசிக், பியூரி ஆகிய இருவரும் இருமுறை பொருதது சவூதி அரேபியாவின் ரியாத் நகரில். இருமுறையும் உசிக்கே வென்றார். விளையாட்டை விரும்பும் மக்கள் உள்ள இடத்தில் களம் அமைதல் ஒருவகை. பெயரை விரும்பும் அரசு உள்ள இடத்தில் களம் அமைதல் மற்றொரு வகை. பின்னைய வகை 1974-இல் மொபுட்டுவின் ஜயரிலும், 1975-இல் மார்க்கோஸின் பிலிப்பைன்சிலும் முன்னரே நன்கு வேரூன்றிவிட்டது.

பிலிப்பைன்சில் நிகழ்ந்ததே முகம்மது அலி, ஜோ பிரேசியர் இணைப்பகையின் மூன்றாம் சண்டை. இனி வருவன யாவும் அப்பகையைப் பற்றியன. அலியைத் தமிழ்நாடும் அறியும். 1980-இல் அவர் சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிசோடு காட்சிப் போட்டியில் பொருதார். அந்த எல்லிஸ் 1970-இல் பிரேசியரிடம் தோற்றவர் என்பதனை அன்று கூடியிருந்தோருள் எத்துணைப் பேர் நினைத்திருப்பர்?

படையில் சேர மறுத்ததால் 1967-இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. அவர் களம்புக இயலாதிருந்த காலத்தில் பிரேசியர் அவர்க்குப் பொருள் தந்து உதவினார். உரிமம் மீளக் கிடைக்கவும் பரிந்து பேசினார். 1971 மார்ச் 8-ஆம் நாள் நியூயார்க்கில் இருவரும் பொருதனர். 15-ஆம் சுற்றில் பிரேசியரின் இடக்கைக் குத்து அலியை மல்லாத்திற்று. நடுவர் அனைவரும் பிரேசியர்க்கே வெற்றி கூறினர். 1974-இல் அலி வென்றார். 1975 அக்டோபர் 1-ஆம் நாள், மணிலாவை அடுத்த கேசோன் நகரில், 14 சுற்றுக்கள் முடிந்தபின், கண் வீங்கிப் பார்வை இழந்திருந்த பிரேசியரை எழ விடாது அவர் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் சண்டையை நிறுத்தினார்.

நடந்தது இவ்வளவே. எழுதப்பட்டதோ வேறு. அலி நாவன்மை படைத்தவர். பிரேசியரை வெள்ளையர்க்கு அடங்கிய கறுப்பன் என்றும், அறிவிலி என்றும், மணிலாவில் கொரில்லா என்றும் இகழ்ந்தார். அதற்கு எதுகையும் அமைத்தார். செய்தியாளர் சிரித்துக்கொண்டே எழுதினர். தென்கரோலினாவில் நிலத்தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, பிலடெல்பியாவின் இறைச்சிக் கூடத்தில் உழைத்து உயர்ந்த ஒருவரை, அவரினும் வசதியாக வளர்ந்த ஒருவர், தம் இனத்திற்கு அயலார் என்று பழித்த விந்தை எவர்க்கும் உறைக்கவில்லை.

நார்மன் மெய்லர் முதற்சண்டை பற்றி 1971-இல் எழுதிய நெடுங்கட்டுரை, பட்டத்தோடு நின்றவரை விடுத்து அலியின் தன்முனைப்பையே பொருளாகக் கொண்டது. ஜயர்ச் சண்டை பற்றி 1975-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு ஹாஸ்லிட்டின் தலைப்பையே சூட்டினார். தலைப்பை எடுத்தவர் நடுவை எடுத்தாரல்லர். அந்நூலில் ஆசிரியர் தம்மையே படர்க்கையில் ஒரு பாத்திரமாக நிறுத்துகின்றார். நடையழகு மறுக்கலாகாதது, சண்டையின் சுற்றுக்களை விரித்துரைக்கும் பகுதி இத்துறையின் உச்சங்களுள் ஒன்று. ஆயினும் அலி பேசப்பேச ஆசிரியர் மயங்குகின்றார் என்பதே எம் துணிபு. 1996-இல் வந்த ‘வென் வீ வேர் கிங்ஸ்’ என்னும் ஆவணப்படமும் அம்மயக்கத்தின் நீட்சியே.

மறுப்பு 2001-இல் வந்தது. மார்க் கிராம் எழுதிய ‘கோஸ்ட்ஸ் ஆஃப் மணிலா’ பிரேசியர் பக்கம் நின்று வழக்குரைக்கின்றது. அதனை யாம் வரவேற்கின்றோம். ஆனால் ஒருவரை உயர்த்தற்கு மற்றவரைச் சிதைத்தல் வேண்டும் என்று அவர் கருதியது பிழை. குயத்தியார் கரிகாலனின் வெற்றியை மறுத்தாரல்லர். வெற்றி வெற்றியாகவே நிற்க, அதனினும் உயர்ந்த ஒன்றை அருகே வைத்தார். கிராமுக்கு அந்நிதானம் கைகூடவில்லை. பிரேசியர் 1996-இல் வெளியிட்ட தன்வரலாற்றிலும் கசப்பே மேலோங்கி நிற்கின்றது. அவர்க்கு அஃது உரியது, திறனாய்வாளர்க்கு உரியதன்று. அலி 2001-இல் தம் பழிச்சொற்களுக்கு வருத்தம் தெரிவித்தார். 2011 நவம்பரில் பிரேசியர் மறைந்தபோது இறுதிச் சடங்கிற்கும் வந்திருந்தார்.

தோற்றவனை வென்றவனினும் நல்லனாகக் காட்டும் கலைப்படைப்பு ஒன்று அக்காலத்தே தோன்றாமல் இல்லை. 1976-இல் வந்த ‘ராக்கி’ என்னும் திரைப்படம் அது. அதன் தலைவன் பிலடெல்பியாவைச் சேர்ந்தவன். இறைச்சிக் கூடத்தில் தொங்கும் மாட்டுடல்களைக் குத்திப் பயில்கின்றான். கலைக்கூடத்துப் படிகளில் ஓடி ஏறுகின்றான். அலியின் சாயலில் அமைந்த வீரனோடு 15 சுற்றும் நின்று, நடுவர் தீர்ப்பில் தோற்கின்றான். பார்ப்போர் உள்ளத்தில் வெல்கின்றான். மாட்டுடலைக் குத்தியதும் படியேறியதும் தம் வாழ்வினின்று எடுக்கப்பட்டவை என்று பிரேசியர் கூறிவந்தார். படத்தலைவன் வெள்ளையன். பிரேசியர்க்கு அப்படத்தில் கிடைத்தது, அரங்கில் தோன்றி மறையும் ஒரு சிறு காட்சி. கற்பனை வீரனுக்கு அக்கலைக்கூடத்தின் அருகே வெண்கலச் சிலை நின்றுகொண்டிருக்க, பிரேசியர்க்கு அந்நகரில் சிலை எழுந்தது 2015-இல், அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகிய நிலையில்.