வீவக வீட்டில் முரட்டு இசைக்குழு: வாடகைக்கு எதை எடுப்பது?

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய நினைக்கும் இசைக்குழு, வாடகைப் பட்டியலில் முதலில் எழுதுவது பெரும்பாலும் விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கைத்தான். சிங்கப்பூரில் அது தவறான தொடக்கம். 1992இல் உருவான ருத்ரா போன்ற மெட்டல் குழுவானாலும் சரி, உருமியும் தவிலும் முழங்கும் குழுவானாலும் சரி, வீவக வீட்டுக்குள் வந்தால் பிரச்சினை ஒன்றுதான்: அறை சிறியது, அண்டை வீடு பக்கத்தில். மூன்று மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரு சுவர்கள் 57 ஹெர்ட்ஸ் அருகே உள்ள ஒலியை வீங்க வைக்கும். கிக் டிரம்மின் அடிநாதம் இருக்கும் இடமும் ஏறக்குறைய அதுவே. நுட்பமான மைக் அந்த வீக்கத்தையும் நுட்பமாகவே பிடிக்கும். ஆகவே, சத்தத்தை அறைக்குள் விடாமலே பதிவு செய்ய உதவும் கருவிக்கே வாடகைப் பணம் போக வேண்டும்.

“சுவரில் ஃபோம் ஒட்டிவிட்டால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தைத் தடுக்காது. அதைத் தடுப்பது கனம்தான். அப்படியானால் கனமான சுவர் கொண்ட ‘பாம் ஷெல்டருக்குள்’ ஆம்பை வைத்தால் என்ன? காற்றில் போகும் ஒலி ஓரளவு அடங்கும்; ஆனால் அந்த அறைகள் மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதால் பேஸின் அதிர்வு கான்கிரீட் வழியே மேலும் கீழும் போய்விடும். நேரமும் தாராளமாக இல்லை. இரவு 10.30 முதல் காலை 7 வரை இருந்த அமைதி நேரத்தை, இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என 2022இல் சமூக ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது.

இனி கணக்கைப் பார்ப்போம். டிரம்ஸுக்கு நான்கு இணைப்பு, பேஸுக்கு ஒன்று, கிட்டாருக்கு இரண்டு, கீபோர்டுக்கு இரண்டு, குரலுக்கு இரண்டு. உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சி தேய்க்கிறது, மறுமுகத்தை நேர்க்குச்சி அடிக்கிறது. இரண்டும் வேறு வேறு ஒலி என்பதால் அதற்கு இரண்டு. தவிலுக்கும் அப்படியே இரண்டு. மொத்தம் பதினைந்து. எட்டு மைக் இணைப்பு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் இங்கே பாதி வழியில் நின்றுவிடும். அடாட் எனும் டிஜிட்டல் இணைப்பு வழியாக, எட்டு உள்ள இன்னொரு பெட்டியைச் சேர்க்கலாம். ஆனால் இரு பெட்டிகளின் கிளாக்கும் ஒத்துப்போக வேண்டும், லேப்டாப்பும் நடுவில் திணறாமல் இருக்க வேண்டும். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்ஸர் வசதியானதுதான். ஆனால் வீட்டு வரவேற்பறைக்கு அது தேருக்குச் சமம்.

ஆகவே என் தேர்வு ஜூம் எல்-20. பதினாறு மைக் இணைப்புகள், இருபத்திரண்டு டிராக்குகள், கணினி இல்லாமல் எஸ்டி கார்டிலேயே பதிவு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதினாறு டிராக் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 8.3 ஜிபி பிடிக்கும். 64 ஜிபி கார்டு ஒரு நாள் பதிவு வேலைக்குத் தாங்கும். இவற்றையெல்லாம்விட முக்கியம், தனித்தனி மிக்ஸ் தரும் ஆறு ஹெட்ஃபோன் வழிகள். பேஸ் டிஐ பாக்ஸ் வழியாகவும், கிட்டார் ஆம்ப் ஒலியை உருவாக்கும் பெடல் வழியாகவும் நேரே உள்ளே போகும்போது, அறையில் கேட்பது தந்தி மீட்டும் சன்ன ஓசை மட்டுமே. வாசிப்பவர் காதிலோ முழு முழக்கம். குறைகளும் உண்டு. ஃபேடர்கள் தாமாக நகராதவை. அதனால் ‘ஏ’ மிக்ஸிலிருந்து ‘பி’ மிக்ஸுக்கு மாறினால் விரலுக்கு அடியில் தெரியும் இடமும் உண்மையான அளவும் பொருந்தாது. 32 பிட் ஃப்ளோட் இல்லாததால் உச்சத்தில் உடைந்த ஒலி உடைந்ததுதான். ஒத்திகையில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொள்வது நல்லது.

“டிரம்ஸையும் தவிலையும் ஹெட்ஃபோனில் அடிக்க முடியுமா?” இதுதான் வலுவான மறுப்பு. முடியாது, எந்தக் கருவியாலும் முடியாது. அந்தத் தோல் வாத்தியங்களை மட்டும் மணிக்கணக்கில் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் பதிவு செய்துவிட்டு, மற்றதை வீட்டில் சேர்ப்பதே வழி. எல்-20 இங்கேதான் வாடகைக்கு ஈடு கொடுக்கிறது: அதே பெட்டி, அதே கார்டு, ஒருவர் தோள் பையில் இரண்டு இடத்துக்கும் போகும். மைக்குக்கு 1965 முதல் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்எம்57 போதும். ஸ்னேரின் அடியைத் தாங்கும், தூரத்து எதிரொலியை அதிகம் வாங்காது. பல வருடம் உழைக்கும் என்பதால் அதைச் சொந்தமாக வாங்குங்கள், கேபிளை சிம் லிம் டவரில் பாருங்கள், ரெக்கார்டரை மட்டும் வாடகைக்கு எடுங்கள். கடையில் பணம் கட்டும் முன் ஹெட்ஃபோன் வழிகள் ஆறையும் ஒவ்வொன்றாகச் செருகிக் கேட்டுவிடுங்கள்.