பிறர் யுத்தமும் நமது பிள்ளைகளும்: ஆறு யப்பானியச் சித்திரத் தொடர்கள்

புலம்பெயர்ந்த தமிழ் வீடுகள் பலவற்றில் இன்று இரண்டு திரைகள் ஓடுகின்றன. வரவேற்பறையில் சென்னையிலிருந்து வரும் நெடுந்தொடர்கள். பிள்ளைகளின் அறையில், கதவு சாத்தியபடி, யப்பானியச் சித்திரத் தொடர்கள். முதலாவதை நமது சஞ்சிகைகள் வேண்டிய அளவு திட்டித் தீர்த்துவிட்டன. இரண்டாவதைக் 'காட்டூன்' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடுவதே பெற்றோர் பலரின் வழக்கம். நியூ ஜேர்சியிலும் பே ஏரியாவிலும் ரெக்சாசிலும் வளரும் நமது பிள்ளைகள் யுத்தம், அகதி, பழிவாங்கல், இன அழிப்பு ஆகிய சொற்களின் பொருளை முதன்முதலில் எங்கே அறிந்துகொள்கிறார்கள் என்று தேடினால், அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தத் தொடர்களுள் ஆறினை, வெவ்வேறு வகையைச் சார்ந்தனவாகத் தெரிந்தெடுத்து, இங்கு விமர்சிக்க முனைகிறோம்.

இவை அமெரிக்க வீடுகளுக்குள் வந்த வழியும் சுவையானது. 1980களிலும் 90களிலும் யப்பானிய மொழி தெரிந்த மாணவர்கள் தாமே ஆங்கில வசனம் எழுதி, வீடியோ நாடாக்களில் பிரதி எடுத்துத் தபாலில் பரிமாறிக்கொண்டார்கள். பாரிசிலும் ரொறொன்ரோவிலும் நமது வீடியோக் கடைகள் தமிழ்ப் படங்களைப் பிரதி எடுத்துப் பரப்பிய அதே காலம், ஏறக்குறைய அதே முறை. பிறகு அது வர்த்தகமாயிற்று. சன் பிரான்சிஸ்கோவில் 1986இல் விஸ் நிறுவனம் தொடங்கியது. ஹூஸ்ரனில் 1992இல் ஏ.டி.வி. தொடங்கி, 'எவாஞ்செலியன்' தொடருக்கு அங்கேயே ஆங்கிலக் குரல் கொடுத்தது. 1994இல் ஃபனிமேஷன் பிறந்தது. 2006இல் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள் ஆரம்பித்த கிரஞ்சிரோல், அனுமதியில்லாத பிரதிகளை ஏற்றும் இடமாக இருந்து, 2009 முதல் முறையான உரிமத்தோடு இயங்கலாயிற்று. 2021இல் சோனி அதை 117.5 கோடி டொலருக்கு வாங்கி, ஃபனிமேஷனையும் அதனுள் கரைத்தது. இப்போது 'சோலோ லெவலிங்' போன்ற சில தொடர்கள் தமிழ்க் குரலிலேயே வருகின்றன.

யப்பானுக்கும் நமக்கும் பழைய கணக்கும் உண்டு. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதே ஆண்டில் தொடங்கிய சயாம் மரண ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். 2003 யூனில் டோக்கியோவில் கூடிய உதவி வழங்கும் நாடுகளின் மகாநாட்டையும் நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்தே இத்தொடர்களைப் பார்க்கிறோம். இவை யாருடைய சாவை நினைவுகூருகின்றன, யாருடைய சாவை விட்டுவிடுகின்றன என்பதே நமது கேள்வி.

முதலில் குழந்தைகளுக்கான தொடர் ஒன்று. இசாவோ தகஹாத்தா இயக்கி, 1974இல் 52 வாரங்கள் ஒளிபரப்பான 'ஹைடி'. ஜேர்மனியிலும் சுவிசிலும் வளர்ந்த நமது பிள்ளைகள் இதை ஜேர்மன் மொழியில் பார்த்தவர்கள். ஜேர்மன் தொலைக்காட்சியில் 1977 முதல் இது வந்தது. அல்ப்ஸ் மலையில் பாட்டனோடு வாழும் சிறுமியைப் பிராங்பேர்ட் நகரத்துப் பணக்கார வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அங்கே உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. மலை தெரியுமா என்று தேவாலயக் கோபுரத்தில் ஏறிப் பார்க்கிறாள், கூரைகள்தான் தெரிகின்றன. ஊரிலுள்ள கிழவிக்கென்று ஒளித்துவைத்த வெள்ளைப் பாணை வீட்டு நிர்வாகி குப்பையில் எறிகிறாள். கடைசியில் பிள்ளை தூக்கத்தில் நடக்கத் தொடங்குகிறது. வைத்தியர் எழுதிக்கொடுக்கும் ஒரே மருந்து ஊருக்குத் திரும்புவது. தகஹாத்தாவும் ஹயாவோ மியசாக்கியும் சுவிசுக்கு நேரில் போய்ப் பார்த்து வந்தே இதைச் செய்தார்கள். பால் காய்ச்சுவதும் புல் வெட்டுவதும் பொறுமையாகக் காட்டப்படுகின்றன. ஊரைப் பற்றிய நமது எழுத்துகளில் பெரும்பகுதி, ஊரின் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடுகிறது. ஊர் என்பது அன்றாட வேலைகளின் தொகுப்பு என்று இத்தொடர் காட்டுகிறது. ஒரு வேறுபாடும் உண்டு. ஹைடிக்குத் திரும்பிப் போக மலை இருந்தது. வைத்தியரின் அந்தத் துண்டு நமக்குச் செல்லுபடியாகாது.

இரண்டாவது இயந்திர மனிதர் வகை. யொஷியுகி ரொமினோவின் 'மொபைல் சூட் கண்டாம்' 1979 ஏப்ரலில் தொடங்கியது. விளையாட்டுப் பொருள் விற்கவென எடுக்கப்பட்டு, பார்ப்போர் குறைந்ததால் 43 வாரங்களோடு நிறுத்தப்பட்ட தொடர் இது. பின்னரே புகழ் பெற்றது. விண்வெளிக் குடியேற்றம் ஒன்று பூமியின் ஆதிக்கத்துக்கு எதிராகத் தனிநாடு பிரகடனம் செய்து போர் தொடுக்கிறது. அதன் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை ஒரு குடும்பம் தன் சொத்தாக்கிக்கொள்கிறது. தம்பி களத்தில் சாகிறான். அண்ணன் பெரும் சனத்திரளின் முன்னே நின்று அந்தச் சாவை மேலும் பிள்ளைகளைப் போருக்கு அழைக்கும் உரையாக மாற்றுகிறான். நமது மேடைகளைக் கண்டவர்கள் இக்காட்சியை இலகுவில் கடந்துபோக முடியாது.

மறுபக்கத்தில், அகதிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் கப்பலில் பதினைந்து வயதுப் பையன் அமுரோ போராளியாகிறான். 13ஆம் பகுதியில் அவன் தன் தாயை ஒரு அகதி முகாமில் காண்கிறான். எதிரிச் சிப்பாய்கள் தேடிவர, நோயாளிபோலப் போர்வைக்குள் கிடந்து சுடுகிறான். தாய் பதறுகிறாள்: தன் பிள்ளை மனிதரைச் சுடக்கூடியவனாக மாறிவிட்டான் என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. அவன் அவளுக்கு இராணுவ முறையில் வணக்கம் வைத்துவிட்டுப் போகிறான். பலாத்காரமாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரைப் பற்றி நமது இலக்கியம் கொஞ்சம் பேசியிருக்கிறது. திரும்பி வந்து வாசலில் நின்ற பிள்ளையை அடையாளம் காண முடியாத தாயைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறது. இதே வகையில் வந்த பல தொடர்களின் குறை வேறு: பிள்ளை இயந்திரத்தில் ஏறுவதை வீரமாகவே அவை விற்கின்றன. கண்டாமிலும் இந்த இரட்டைத்தன்மை இல்லாமலில்லை. யுத்தத்தை வெறுக்கச் சொல்லும் கதைதான் யுத்தப் பொம்மைகளை இன்றுவரை விற்றுக்கொடுக்கிறது.

மூன்றாவது துப்பறியும் வகை: நவோகி உரசாவாவின் சித்திரக்கதையிலிருந்து 2004 - 2005இல் 74 பகுதிகளாக எடுக்கப்பட்ட 'மொன்ஸ்ரர்'. டியூசல்டோர்ஃப் நகரில் வேலைபார்க்கும் யப்பானிய மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் தென்மா, மேலிடத்து உத்தரவுப்படி, முதலில் வந்த துருக்கித் தொழிலாளியை விட்டு ஓபராப் பாடகர் ஒருவருக்குச் சிகிச்சை செய்கிறார். தொழிலாளி இறக்கிறார். அவருடைய மனைவி வைத்தியரின் முன்னே நின்று கேட்கும் கேள்விதான் தொடரின் முதல் அதிர்வு. அடுத்தமுறை அவர் நகரபிதாவை விட்டுச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றுகிறார். அச்சிறுவன் கொலைகாரனாக வளர்கிறான். பிராங்பேர்ட்டில் துருக்கியர் வாழும் பகுதியைத் தீவைக்கத் திட்டமிடும் நாஜிகளும் கதையில் வருகிறார்கள். 1992இல் மொல்னிலும் 1993இல் சோலிங்கனிலும் துருக்கியர் வீடுகள் எரிந்த நாட்களில் அகதி விடுதிகளில் விழித்திருந்த தமிழர்கள் பலர். அந்த இரவுகளைப் பற்றி ஜேர்மன் மண்ணில் நிகழும் கதையாக யப்பானியர் ஒருவர் எழுதியிருப்பது நமது எழுத்தாளர்கள் யோசிக்கவேண்டிய விடயம். வந்து சேர்ந்த நாட்டை வெறும் பனியாகவும் குளிராகவும் மட்டும் பார்க்காமல், அதன் வரலாற்றுக்குள் இறங்கி எழுதமுடியும் என்பதற்கு இது ஒரு சான்று. கதையின் கடைசிப் பகுதி இழுபடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்காவது மாயாஜால சாகச வகை. ஹிரோமு அரகாவாவின் 'ஃபுல்மெற்றல் அல்கெமிஸ்ற்: பிரதர்ஹூட்' யப்பானில் 2009 ஏப்ரல் 5ஆம் திகதி தொடங்கியது. முள்ளிவாய்க்காலுக்கு ஆறு வாரங்களுக்கு முன்னர். கதையின் அடியில் இஷ்வால் என்ற சிறுபான்மை இனத்தின் அழிப்பு கிடக்கிறது. அதைச் செய்த இராணுவ அதிகாரிகள்தான் கதையின் நல்லவர்கள். அவர்கள் தாம் செய்ததை மறைப்பதில்லை. தாம் எத்தனை வீடுகளை எரித்தோம், யாருடைய உத்தரவின்பேரில் என்று இளையவர்களுக்குச் சொல்கிறார்கள். அரகாவா இதை எழுதுமுன் போருக்குப் போய்வந்த முதியவர்களைச் சந்தித்துப் பேசியவர். இலங்கை அரச படையின் சிப்பாய் ஒருவன் தன் கையால் செய்ததைச் சிங்களப் பிள்ளைகளுக்குச் சொல்லும் தொடர் ஒன்றை நாம் இன்னும் காணவில்லை.

ஆனால் அரகாவா அத்தோடு நிற்கவில்லை. தப்பிப் பிழைத்த இஷ்வாலியன் ஒருவன், தன் காயத்துக்கு மருந்திட்ட இரண்டு வைத்தியர்களை வெறியில் கொன்றுவிடுகிறான். அவர்கள் பெரும்பான்மை இனத்தவர். அவன் இனத்தவரைக் காப்பாற்ற வந்தவர்கள். அவர்களது மகள் பின்னர் அவனை நேருக்குநேர் சந்திக்கிறாள். அவனை மன்னிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அவன் காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். பாதிக்கப்பட்டவன் செய்த கொலையும் கொலைதான் என்று சொல்ல, அவன் இனத்தின் அழிவைச் சிறிதாக்கவேண்டிய அவசியம் இல்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதைப் பேசத் தொடங்கும்போதெல்லாம், 'இப்போது ஏன் இதை எடுக்கிறீர்கள்' என்று கேட்பவர்களுக்கு இக்காட்சியைச் சிபாரிசு செய்வோம்.

ஐந்தாவது, நமது பிள்ளைகள் மிக அதிகம் விவாதிப்பது: ஹஜிமே இசயாமாவின் கதையிலிருந்து 2013 முதல் 2023 வரை வந்த 'அற்றாக் ஒன் ரைற்றன்'. மதிலுக்குள் அடைபட்ட மக்கள், கைப்பட்டி கட்டிய முகாம்வாசிகள், தம் இனத்தையே இழிவாகப் பேசக் கற்பிக்கப்பட்ட சிறுவர் படை. முகாமும் சோதனைச்சாவடியும் அறிந்தவர்களை இது உலுக்கும். அதனால்தான் இதன் முடிவைப்பற்றி நமக்குக் கடும் ஆட்சேபம் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட இனத்தின் நாயகன் உலகின் பெரும்பகுதி மக்களை மிதித்துக் கொல்கிறான். தொடர் அதைச் சரி என்று சொல்லவில்லை. நசுங்கிச் சாகும் அகதிச் சிறுவனையும் காட்டுகிறது. ஆனால் கடைசியில் கண்ணீரின் பெரும்பங்கு கொன்றவனுக்கே ஒதுக்கப்படுகிறது. அவனுடைய தனிமையும் காதலும் விரிவாகச் சொல்லப்பட, மிதிபட்டவர்கள் எண்ணிக்கையாகிவிடுகிறார்கள். அநீதிக்கு உள்ளானவனின் கோபம் எவ்வளவு தூரமும் போகலாம் என்ற மயக்கத்தை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை இதிலிருந்து எடுத்துக்கொண்டால், பிள்ளையை மட்டும் குறைசொல்ல முடியாது.

இதற்கு மறுமொழி போல அமைவது ஆறாவது. மகோதோ யுகிமுராவின் 'வின்லண்ட் சாகா' ஒரு வரலாற்றுத் தொடர். 2019இல் வந்த முதல் 24 பகுதிகளில், தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கத் திரியும் சிறுவன் தோர்ஃபின்னின் வாழ்வு முழுக்க இரத்தம். 2023இல் வந்த அடுத்த 24 பகுதிகளில் அவன் ஒரு பண்ணையில் அடிமை. காடு வெட்டுகிறான், வேர் பிடுங்குகிறான், கோதுமை விதைக்கிறான். இரவில் தான் கொன்றவர்கள் கனவில் வருகிறார்கள். அலுப்பாக இருக்கிறது என்று இரசிகர்கள் பலர் முறைப்பட்டார்கள். நமக்கு இந்தப் பகுதியே எல்லாவற்றிலும் சிறந்ததாகப்படுகிறது. இயக்கங்களிலிருந்து விலகி வந்து, உணவகச் சமையலறைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் இரவு வேலை செய்து, ஒன்றும் பேசாமலே முதுமையடைந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய மௌனத்தைக் கோழைத்தனம் என்றோ துரோகம் என்றோ சொல்லாமல், அதற்குள் நடக்கும் வேலையைக் காட்ட இத்தொடருக்கு முடிந்திருக்கிறது.

இனி நமது முதற் கேள்விக்கு வருவோம். யப்பானியச் சித்திரக் கலை தன் மக்களின் சாவை அபாரமாக நினைவுகூர்ந்திருக்கிறது. ஹைடியைச் செய்த தகஹாத்தா, ஒன்பது வயதில் ஒகயாமா நகரக் குண்டுவீச்சிலிருந்து தப்பியவர். 1988இல் அவர் எடுத்த 'மின்மினிகளின் கல்லறை' திரைப்படத்தில் பட்டினியால் சாகும் சிறுமியை உலகமே அறியும். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட ஆறினுள் ஒன்றாவது யப்பானையே குற்றவாளியாக, பெயர் சொல்லி, நிறுத்தவில்லை. குற்றம் கற்பனை நாட்டிலோ ஜேர்மனியிலோ வைக்கிங்குகளிடமோதான் நடக்கிறது. சயாம் ரயில் பாதையில் செத்த தமிழனுக்கு அங்கே ஒரு சட்டகம்கூட இல்லை. வேற்று நாட்டு ஆடை உடுத்திவிட்டால் உண்மை பேசலாம். சொந்தப் பெயரில் பேசுவது சிரமம். இதை யப்பானியருக்கு மட்டும் உரிய குறையாக நாம் காணவில்லை. நமது சாவுகளுக்கு நாம் எழுதிய கவிதைகளின் பக்கத்தில், நம் பெயரால் நடந்த சாவுகளுக்கு எழுதப்பட்டவற்றை வைத்துப் பார்த்தால் போதும்.

நமது பிள்ளைகளில் சிலர் இன்று இதே பாணியில் படம் கீறுகிறார்கள். நாளை அவர்களுள் ஒருவர் வன்னியையோ யாழ்ப்பாணத்தையோ சித்திரத் தொடராகச் செய்யக்கூடும். அந்தக் கதைக்கு வேண்டிய விபரங்கள் பெற்றோரிடம்தான் இருக்கின்றன: எந்த வீதியால் நடந்தோம், பங்கருக்குள் எதைச் சமைத்தோம், பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் போன அன்று நாம் எங்கே நின்றோம். கதவைத் தட்டி, அவர்களோடு இருந்து ஒரு தொடரையாவது முழுதாகப் பார்ப்பது நல்லது. இவற்றைக் கேட்கத் தெரிந்தவர்களாக அத்தொடர்கள் அவர்களை ஏற்கனவே பழக்கியிருக்கின்றன.