குறுமரமும் குறையுவமையும்

இக்காலத் தமிழ்க் கவிதையில் ஒரு சிறு தொட்டிமரம் அடிக்கடி தலைகாட்டுகிறது. போன்சாய் என்பது அதன் பெயர். ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்பது ஆழமற்ற தட்டம். ‘சாய்’ என்பது நடுதல். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த இக்கலையின் மரத்தைத் தமிழில் குறுமரம் எனலாம். வீட்டுள் அடைபட்ட பெண்ணைப் பாடவேண்டுமாயின் குறுமரம் வரும். மண்ணை விட்டுப் பெயர்ந்தோரைப் பாடினும் அதுவே வரும். மலேசியத் தோட்டத் தமிழரையும் வேரறுத்துத் தொட்டியில் வைத்த மரமாகக் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அத்தகைய வரிகள் மாணவர் கவிதைப் போட்டிகளிலும் இடம்பெறுகின்றன.

மார்ஜ் பியர்சி என்னும் அமெரிக்கப் பெண்கவிஞர் 1970களில் இவ்வுவமையைப் பெண்வாழ்வுக்குப் பொருத்தினார். நாள்தோறும் மரத்தை நறுக்கும் தோட்டக்காரன், சிறியதாயிருப்பதே உன் இயல்பு என்று அதற்குத் தாலாட்டுவதாக அமைந்த பாட்டு அது. அதன் சினம் நியாயமானது. உவமையும் அங்கே புதிது. பிற்காலக் கவிதைகள் பலவற்றில் சினம் ஆறிப்போய் உவமை மட்டும் எஞ்சி நிற்கிறது.

உவமை பிறக்கும் இடங்கள் வினை, பயன், மெய், உரு என நான்கு என்று தொல்காப்பியர் வகுத்ததைத் தமிழாசிரியர் அறிவர். குறுமரத்தைப் பாடுவோர் இவற்றுள் மெய் ஒன்றையே பற்றுகின்றனர். மரம் சிறியது, ஆதலின் அது குறையுயிர் என்று முடித்துவிடுகின்றனர். வினையைப் பிறழ உணர்ந்தார்கள், பயனைப் பார்க்கவேயில்லை.

முதலில் வினையைப் பார்க்கலாம். தொட்டிமரத்தின் வேர் சில ஆண்டுகளில் தொட்டி முழுதும் சுருண்டு நிறைந்துவிடும். அப்படியே விட்டால் நீரும் காற்றும் புகாமல் மரம் நலியும். ஆகவே வேரில் ஒரு பகுதியை அறுத்துப் புதுமண் இட்டு மீண்டும் நடுகின்றனர். அறுத்த இடத்திலிருந்து நுண்வேர்கள் கிளைக்கின்றன. வேரறுத்தல் இங்கே கொல்லும் தொழிலன்று. கிளையை வளைக்கச் சுற்றும் கம்பியும் பட்டையில் பதியுமுன் கழற்றப்பட வேண்டும். ஆண்டு முழுதும் மழை பெறும் ஜொகூரில் கிளை விரைவில் பருக்குமாதலால், சில மாதங்கள் அசட்டையாக இருந்தாலே தழும்பு விழுந்துவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது புதுச்செய்தியன்று. பால்மரம் சீவுவோரின் கத்தி பட்டையளவில் நிற்க வேண்டும். ஆழ இறங்கினால் அவ்விடம் முண்டும் முடிச்சுமாகி, புதுப்பட்டை சீராக வளராது. சீவலும் காயமும் ஒரே கத்தியால் வருவனவே. ஆயினும் இரண்டையும் ஒன்றென்று எந்தத் தோட்டத் தொழிலாளியும் சொல்லமாட்டார். கவிஞர் எப்படிச் சொன்னார் என்பதுதான் வியப்பு.

அடுத்தது பயன். தொட்டியில் இலை சிறுக்கும். ஆனால் பூவும் காயும் பெரும்பாலும் சிறுப்பதில்லை. குறுமரமாக நிற்கும் புளி காய்த்தால் அது புளியங்காயின் அளவிலேயே காய்க்கும். மலேசியக் குறுமரக் கலைஞர் விரும்பி வளர்க்கும் நீர்மல்லிகை, நம் வெட்பாலையின் இனத்தைச் சேர்ந்தது. பாலைத்திணைக்குப் பெயர் தந்த மரம் வெட்பாலையே என்பாரும் உளர். முழங்கையளவு நிற்கும் அந்நீர்மல்லிகையிலும் வெண்பூக்கள் மணத்தோடு தொங்கும். ஒடுக்கப்பட்ட ஒருவரைப் பாடும் கவிஞருக்கு, இலை சிறுத்த மரத்தில் பூ சிறுக்காத இக்காட்சி எவ்வளவு பொருள் தரும்!

குறுமரக் கலையில் பாறையைப் பற்றி வேர்கள் இறங்குமாறு வளர்க்கும் முறை ஒன்றுண்டு. ஆலின் இனத்து மரங்கள் அதற்கு மிக ஏற்றவை. குறுந்தொகை 106ஆம் பாட்டில் கபிலர், பாறைமேல் படர்ந்த இற்றி மரத்தின் வெள்ளிய வேரை மலையிழியும் அருவியாகக் காண்கிறார். இறுகப் பற்றியிருப்பது வேர். தோற்றமோ ஓடும் நீர். மண்ணற்ற இடத்தில் நிற்கும் மரத்தைக் கண்டும் கபிலருக்கு இரக்கம் தோன்றவில்லை. அதன் பற்றே தோன்றியது.

ஜப்பானிய இலக்கியத்திலும் குறுமரம் இரங்கத்தக்க பொருளன்று. ‘ஹாச்சி நோ கி’, அதாவது தொட்டிமரங்கள், என்பது அந்நாட்டின் பழைய நோ நாடகங்களுள் ஒன்று. நிலம் இழந்து வறுமையுற்ற சானோ கென்சாயெமோன் என்னும் வீரனின் குடிசைக்குப் பனி பொழியும் இரவில் ஒரு துறவி வருகிறார். குளிர்காய விறகில்லை. செல்வக் காலத்தின் எச்சமாக அவன் போற்றி வைத்திருந்த தொட்டிமரங்கள் மூன்று: பிளம், செர்ரி, பைன். மூன்றையும் வெட்டி விருந்தினருக்குத் தீ மூட்டுகிறான். வந்தவர், 1246 முதல் 1256 வரை ஆட்சிப் பொறுப்பை வகித்து, பின் அதிலிருந்து விலகித் துறவியான ஹோஜோ டோக்கியோரி. பின்னர் அவர் அம்மூன்று மரங்களின் பெயர் தாங்கிய மூன்று ஊர்களை அவனுக்கு அளிக்கிறார். மழையிரவில் வந்த அடியாருக்காக விதைத்த நெல்லை வாரிவந்து, கூரைக் கழிகளை அறுத்து அடுப்பெரித்த இளையான்குடி மாறரைச் சேக்கிழார் வழி அறிந்தவர்க்கு இக்கதை அயலதாகத் தோன்றாது. அந்த வீரனிடம் எஞ்சியிருந்தவற்றுள் உயர்ந்த பொருள் அத்தொட்டிமரங்களே. அவை இழிந்த பொருளாயின் அவன் கொடை கொடையாகாது.

தோட்டத் தமிழர்க்குத் தொட்டிமர உவமை வேண்டுமெனில் அதற்கு ஜப்பான் செல்லத் தேவையில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின், அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தோர் லயத்து வாசலின் கறிவேப்பிலைக் கன்றைப் பழைய சாய வாளியில் நட்டுக் கொண்டுசென்றனர். வாளியின் அடித்துளை வழியே அதன் வேர் நீள்கிறது. யாரேனும் ஒரு பாட்டி அதை நறுக்கி மண் மாற்றுகிறாள். தாளிப்புக்காக நுனியைக் கிள்ளக் கிள்ள அது பக்கங்களில் கிளைக்கிறது. வினை, பயன், மெய், உரு நான்கும் பொருந்திய அக்கறிவேப்பிலை கவிதைக்குள் வருவது அரிதாகவே இருக்கிறது.