பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய வண்டி

மோட்டார்ஹோம் வாங்கப் போகிறீர்களா? நல்ல மழை நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். இங்கிலாந்தில் அதற்கா பஞ்சம்! ரெடிங்கிலிருந்து லட்லோ போய்ச் சேரும்வரை எங்களுக்கு வைப்பர் ஓயவில்லை. அங்கே ஒரு பெரியவர் வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நின்றது எங்கள் வண்டி. ஃபியட் டுக்காட்டோ மேல் கட்டிய, 2012ஆம் வருடத்து வெள்ளைக் குட்டி வீடு. பார்த்ததுமே மனசு விழுந்துவிட்டது. "இப்பவே இளிச்சு விலையை ஏத்திவிட்றாதீங்க" என்று காதோரம் எச்சரித்தாள் மனைவி.

அதற்கு முன் பதினோரு வண்டி ஏறி இறங்கியிருந்தோம். ஏறிய ஒவ்வொன்றிலும் ஒரு நாடகம் போடுவோம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் கால் நீட்டிப் படுப்போம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுப்படியில் நிற்போம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இல்லாத சோப்பைத் தேய்த்துக்கொள்வேன். விற்பவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பார்க்கட்டும், குளிக்கப்போவது நான்தானே! நாலு பேர் படுக்கலாம் என்று சொன்ன ஒரு வண்டியில் எண்ணிப் பார்த்தால் சீட் பெல்ட் இரண்டுதான்.

ஒரு கடையில் பளபளவென்று ஒன்று நின்றது. உள்ளே லாவெண்டர் வாசனை தூக்கியது. முழங்கை தற்செயலாகப் பட்ட இடத்தில், டீயில் ஊறிய பிஸ்கட் போலச் சுவர் அமுங்கியது. வாசனை ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த வண்டிகளுக்குச் சனியன் ஈரம்தான். கூரை மூட்டிலோ ஜன்னல் ஓரத்திலோ பசை காய்ந்து விரிசல் விட்டால் போதும், தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கி மரச்சட்டத்தை உளுக்க வைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

அன்றே ஈரமானி ஒன்று வாங்கினேன். இரண்டு ஊசிமுனை, ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி, 20ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். லட்லோவில் அலமாரி மூலை, கட்டிலடிப் பெட்டி, ஜன்னலுக்குக் கீழே என்று குத்திக் குத்திப் பார்த்தேன். 11, 12, 10! வெளியே கொட்டுகிற மழையில்! மதிப்பெண் குறையக் குறைய நான் துள்ளியது அன்றைக்குத்தான்.

மாட்டுச் சந்தையில் தாத்தா பல்லைப் பிடித்துப் பார்த்தே வயசு சொல்வார். டயருக்கும் பல் உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் பிறந்தது. தடம் புதுசாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். இவை ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், நின்றபடியே ரப்பர் கிழடாகிவிடும்.

எஞ்சினைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நாம் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஃபிரிட்ஜை முதல் நாளே போட்டுவைக்கச் சொல்லியிருந்தேன். கேஸிலும் கரண்டிலும் ஓடும் இந்த ரகம் குளிர மணிக்கணக்காகும். திறந்தால் உள்ளே ஜில்லென்று பால் பாட்டில். எங்களுக்கு டீ போடத்தானாம்! வருடாந்திரத் தகுதிச் சோதனையான எம்ஓடியின் வரலாற்றை வீட்டிலேயே பார்த்துவிட்டேன். அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் வருடாவருடம் ஓடிய மைல் கணக்கு இலவசமாக வந்து விழுகிறது.

கடைசியில் எடை. 1997 முதல் கார் லைசன்ஸ் எடுத்த என்னைப் போன்றவர்களுக்கு டீசல் வண்டியில் 3,500 கிலோதான் எல்லை. வண்டியின் எடை போக மிஞ்சுவதில்தான் நாம், கேஸ் சிலிண்டர், துணிமணி எல்லாம் அடங்க வேண்டும். தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் பிடித்தால் அதுவே 100 கிலோ.

"அப்போ கிரைண்டர்?" என்றாள்.

"மாவு வீட்லயே அரைச்சுக்கலாம்மா."

முதல் ராத்திரி வேல்ஸில், அபரிஸ்ட்வித் கடலோரம். கூரையில் மழை தாளம் போட, உள்ளே இட்லி வெந்துகொண்டிருந்தது. ஆவி ஜன்னலெல்லாம் படிந்து சுவரில் வழிய ஆரம்பித்ததும், தட்டைக் கீழே வைத்துவிட்டு ஈரமானியைத் தேடி ஓடினேன்.