ஏலரானைப் பிடிப்பவர் என்ன சொல்ல வேண்டும்?

பெங்களூருவில் சிறு விமானம் என்றால் ஜக்கூர் விமானத்தளம்தான். அரசு விமானப் பயிற்சிப் பள்ளி, என்சிசி விமானப் பிரிவு, தனியார் மைக்ரோலைட்டுகள் எல்லாம் இருக்குமிடம் அது. எக்ஸ்-ஏர் மைக்ரோலைட்டுகளைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பிய ராஜ் ஹம்சா அல்ட்ராலைட்ஸ் 1980-இல் தொடங்கியதும் இதே நகரில்தான். அலுமினியக் குழாயும் துணியுமாக உருவாகும் இந்த ரக விமானங்களின் இறக்கையைக் கழற்றி மாட்டலாம். பழுதுபார்க்க, ஹேங்கரில் இடம் மிச்சம் பிடிக்க, வண்டியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோக என்று கழற்றக் காரணங்கள் உண்டு.

ஆபத்து மாட்டும்போதுதான். இறக்கையைத் தாங்கும் போல்ட்டை மறந்தால் இறக்கையே காட்டிக்கொடுத்துவிடும். இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் தகடான ஏலரானுக்குப் போகும் இணைப்பை மறந்தால் விமானம் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் நிற்கும். விமானி உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கை இடம் வலமாக ஆட்டினால் அது இன்னும் லேசாகவே அசையும், இழுக்க மறுமுனையில் எதுவும் இல்லையே!

இதற்கு, இறக்கையை அடிக்கடி கழற்றி மாட்டும் கிளைடர்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒருவர் வெளியே நின்று ஏலரானைக் கையால் அசையாமல் பிடித்துக்கொள்வார். உள்ளே இருப்பவர் ஸ்டிக்கை மெல்லத் தள்ளுவார். கைக்கு அழுத்தம் தெரிந்தால் இணைப்பு இருக்கிறது. இடது, வலது, எலிவேட்டர், ரடர், ஏர்பிரேக் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். கருவி வேண்டாம், காசு வேண்டாம், சில நிமிடங்கள் போதும். இணைக்காமல் விட்டதைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான சோதனை கிடையாது. இதைச் செய்யாமல் பறப்பவரிடம் எனக்கு அனுதாபமே இல்லை.

ஆனாலும் இதை முழுக்க நம்புவதற்கில்லை. பழைய கிளைடர்களில் லோட்டலியே என்ற பிரெஞ்சு இணைப்பு இருக்கும். ஒரு கிண்ணம், அதற்குள் உட்காரும் உருண்டை, உருண்டை நழுவாமல் பிடிக்கும் ஆப்பு. ஆப்பு முழுசாக ஏறினால்தான் அதிலுள்ள சிறு துளை வெளியே தெரியும்; அதில் சேஃப்டி பின்னைச் செருக முடியும். ஆப்பு பாதியில் நின்றாலும் உருண்டை கிண்ணத்துக்குள்தான் இருக்கும். கையால் பிடித்துப் பார்த்தால் அழுத்தம் தெரியும், சோதனையில் பாஸ். அப்புறம் வானத்தில் அதிர்வில் கழன்றுகொள்ளும். ஆகவே பின்னைக் கண்ணால் பார்ப்பதற்குக் கைச் சோதனை ஈடாகாது.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. இடதும் வலதும் மாறி இணைந்திருந்தாலும் கைக்கு அதே அழுத்தம்தான் தெரியும். 1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் வுட்ஃபோர்டில் அவ்ரோ டியூடர் விமானம் கிளம்பிய உடனே சாய்ந்து விழுந்தது. பராமரிப்பின்போது ஏலரான் கேபிள்களை மாற்றி இணைத்திருந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் ராய் சாட்விக். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர். பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2001 மார்ச்சில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு லுஃப்தான்சா ஏ320-இல் கேப்டனின் சைட்ஸ்டிக் இணைப்பில் ஒயர்கள் மாறியிருந்தன. புறப்படுமுன் சோதனையில் அசைவைப் பார்த்தார்கள். எந்தத் திசையில் என்று பார்க்கவில்லை. துணை விமானியின் ஸ்டிக் சரியாக இருந்ததால் பிழைத்தார்கள். 2018 நவம்பரில் ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190 ஒன்று லிஸ்பன் அருகே பெரிய பராமரிப்பு முடிந்து கிளம்பியது. அதிலும் ஏலரான் கேபிள்கள் மாறியிருந்தன. தத்தளித்து ஒருவழியாக பேஜா தளத்தில் இறங்கியது. அதில் இருந்த ஆறு பேரும் தப்பினார்கள். உரிமம் பெற்ற பொறியாளர்களும் இரட்டைச் சோதனை விதிகளும் உள்ள இடத்திலேயே இந்தக் கதி.

நம் ஊரில் மூன்றாவது சிக்கல் ஒன்று உண்டு. எந்தக் கையேட்டிலும் அது இருக்காது. ஏலரானைப் பிடிப்பவர் பெரும்பாலும் ஹேங்கர் பையன் அல்லது புதிதாகச் சேர்ந்த மாணவர். உள்ளே இருப்பவர் கேப்டன். "சரியா இருக்கா?" என்று அவர் கேட்டால் "சரி சார்" என்பதைத் தவிர வேறு பதில் வருமா? கேள்வியை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். "ஸ்டிக் இடப்பக்கம். இடது ஏலரான் எங்கே?" என்று கேட்டால் "மேலே" அல்லது "கீழே" என்று பார்த்துத்தான் சொல்லியாக வேண்டும். மேலே வந்தால் சரி. பையனுக்கு விமானம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இறக்கையை மாட்டும்போதே இவை தானாக இணைந்துகொள்ளும் அமைப்பு இப்போதைய கிளைடர்களில் வந்துவிட்டது. மறதிக்கு அதுவே சரியான மருந்து. ஆனால் தேய்ந்தாலும் அழுக்கேறினாலும் அதுவும் ஒழுங்காக உட்காராது. இணைப்பு உள்ளே மறைந்திருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. அங்கே கைச் சோதனைதான் ஒரே சாட்சி.

ஆகவே கைச் சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. பின்னைக் கண்ணால் பார்த்து, அழுத்தத்தைக் கையால் பார்த்து, திசையை வாயால் சொல்லி மூன்றையும் முடிக்க வேண்டும். இறக்கை மாட்டிய அன்று விமானப் புத்தகத்தில் விமானியோடு சேர்ந்து ஏலரானைப் பிடித்தவரும் கையெழுத்திடட்டும். ஜக்கூரின் பயிற்சியாளர்கள் நாளையே இதைத் தொடங்கலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை.