கிட்டார் இல்லாத வாரிசு

2024 பிப்ரவரியில் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்ததிலிருந்து ஒரே வாக்கியம் சுற்றிச் சுற்றி வருகிறது: 46 ஆண்டுகளுக்குப் பிறகு ஷக்தி குழு தன் அடுத்த ஆல்பத்தைத் தந்திருக்கிறது. ஸ்டுடியோ கணக்கில் சரிதான், 1977-க்கு அடுத்தது 2023. ஆனால் ஜான் மெக்லாஃப்லின் கிட்டாரோடு வந்து உட்கார்ந்தால்தான் அது ஷக்தி என்று இந்தக் கணக்கு சொல்லாமல் சொல்கிறது. பழைய ஷக்தியில் இருந்த வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் மூவரும் கிட்டார் இல்லாமல் வாசித்த 'பஞ்ச நடைப் பல்லவி' 1990-ல் வெளிவந்தது. அந்தக் குழுவின் வாரிசு அதுதான் என்பது என் கட்சி.

கழுகுமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆல்பத்தின் பெயரிலுள்ள நடை, இசையில் ஓர் அட்சரத்தை இத்தனை மாத்திரை என்று பிரிப்பது. எங்கள் பக்கம் நடை என்பது முதலில் காலில் இருப்பது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, ஊற்றுமலை மருதப்பத் தேவர் இந்த மலைக்குக் காவடி எடுத்து வந்த வழிநடையில் பாடியது என்பார்கள். எட்டயபுரத்துப் பாரதி அந்த மெட்டில் எழுதினார், இடைசெவல் கு. அழகிரிசாமி அதைப் பதிப்பித்தார் என்பதெல்லாம் வாசகர் அறிந்தது. பங்குனி உத்திரத்துக்கு நடந்து வருகிறவனிடம் தாளம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதத்தைத்தான் காட்டுவான். நடை மாறினால் உடம்பு மாறும். இது தெரிந்த காதுக்கு, புரோக்ரெசிவ் ராக் தன் பெருமையாகச் சொல்லும் கோணல் கணக்குகள் புதிதல்ல. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டு ஏழின் கணக்கில் போகிறது என்று வியப்பவர்கள், அந்த ஏழுக்கு நம்மிடம் மிஸ்ரம் என்று பெயர் இருப்பதைச் சேர்த்துச் சொல்லலாம்.

ஷக்தியின் முன்கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மெக்லாஃப்லின் 1971-ல் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா ராக்கின் சத்தத்தையும் ஜாஸின் விரல் வேகத்தையும் சேர்த்துக் கட்டியது. 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பதினெட்டில் ஓடும். உருப்படிகள் யாருடையவை என்ற சண்டை முற்றி, 1973 முடிவில் முதல் குழு கலைந்தது. அதில் இருந்த ஜெர்ரி குட்மனும் ஜேன் ஹேமரும் 1974-ல் 'லைக் சில்ட்ரன்' என்ற ஆல்பத்தைச் செய்தார்கள். திறமை குறைவில்லை, ஆனாலும் விட்டுவந்த வீட்டின் வாசனை போகாத இசை. கலைந்த குழுக்காரர்கள் கூடும்போது பெரும்பாலும் இதுதான் நேர்கிறது.

தலைவர் மெக்லாஃப்லின் போன திசை வேறு. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். சிலப்பதிகார இசையை ஆராய்ந்த அதே ராமநாதன்தான். 1975-ல் அமெரிக்காவில் மேடையில் வாசித்துப் பதிவான ஷக்தியின் முதல் ஆல்பத்தில் மிருதங்கம் ராம்நாட் ராகவன், கடம் விநாயக்ராம். ராமநாதபுரத்தின் பெயர் தாங்கிய கையும், மானாமதுரைச் சூளைகளால் பேர்பெற்ற வாத்தியமும்! வானம் பார்த்த பூமிக்காரனுக்கு இதில் ஒரு பெருமிதம் வரத்தான் செய்யும், மறைக்கவில்லை. அந்த ஆல்பத்தில் ஓர் உருப்படி 29 நிமிடம். 1977-ல் வந்த மூன்றாவது ஆல்பமான 'நேச்சுரல் எலிமென்ட்ஸி'ல் எட்டு உருப்படிகள், ஒன்றாவது பத்து நிமிடத்தைத் தொடவில்லை. மிட்டாய் வெட்டியதுபோலச் சீராக, அழகாக, வருத்தமாக இருக்கிறது. அதோடு குழுவும் நின்றது.

நீளமான இசையைச் சாமானியக் காது தாங்காது என்பது ஆல்பம் விற்பவர்களின் பழைய நம்பிக்கை. கோவில்பட்டியில் குடியிருந்த காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தையும், விளாத்திகுளம் சுவாமிகளின் முடிவில்லாத ராக ஆலாபனையையும் விடிய விடியக் கேட்ட கரிசல்காட்டு ஜனங்கள் இதை எப்போதோ பொய்யாக்கிவிட்டார்கள்.

சங்கருக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னை திரும்பியது. அண்ணன் எல். வைத்தியநாதன் 1982-ல் 'ஏழாவது மனிதன்' படத்துக்காகப் பாரதி பாடல்களுக்கு இசையமைத்தவர். இன்னோர் அண்ணன் எல். சுப்பிரமணியம். ஷக்தி நின்றதும் சங்கர் ஃபிராங்க் ஸாப்பாவின் தயாரிப்பில் 'டச் மீ தேர்' செய்தார் (1979). பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினைக் கையில் எடுத்தார். ஜாஸுக்குப் பேர்போன மியூனிக் நிறுவனமான ஈசிஎம்முக்கு ஐரோப்பியர்களோடு சேர்ந்தும் வாசித்தார். அவற்றில் சில மெழுகு பூசிய பழம்போல இருக்கும். அதே நிறுவனத்துக்காகப் பழைய கூட்டாளிகளை அழைத்து உட்கார்ந்தபோதுதான் 'பஞ்ச நடைப் பல்லவி' வந்தது.

எடுத்துக்கொண்ட ராகத்தைப் பாருங்கள், சங்கராபரணம். மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களும் அப்படியே இதில் இருக்கின்றன. கார்டு எனும் சுரக் கூட்டுகளை அடுக்கி மேல்நாட்டுக் காதைத் தடவிக் கொடுக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. அந்த வசதியை வேண்டாமென்று தள்ளிவிட்டு ராகம், தானம், பல்லவி என்று கச்சேரி முறையில் அரை மணிக்கு மேல் போகிறார்கள். தாளம் மகாலட்சுமி, ஒன்பதரை அட்சரம்.

அந்த அரைதான் விஷயம். சதுஸ்ர நடையில் ஒன்பதரையை நான்கால் பெருக்கினால் 38 மாத்திரை, சுத்தமாக முடியும். திஸ்ரத்தில் (மூன்று) இருபத்தெட்டரை, கண்டத்தில் (ஐந்து) நாற்பத்தேழரை, மிஸ்ரத்தில் (ஏழு) அறுபத்தாறரை, சங்கீர்ணத்தில் (ஒன்பது) எண்பத்தைந்தரை. ஐந்தில் நான்கு நடைகளில் ஆவர்த்தனத்தின், அதாவது தாளச் சுற்றின், கடைசியில் அரை மாத்திரை தொங்கி நிற்கும். இன்னோர் ஆவர்த்தனம் போனால்தான் கணக்கு நேராகும், இல்லையென்றால் வேகத்தை இரட்டிக்க வேண்டும். ராக் குழுவில் இப்படிப்பட்ட கணக்கை எல்லோரும் ஒத்திகை பார்த்து ஒன்றாக மனப்பாடம் செய்வார்கள். இங்கே தாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நிமிடத்திலேயே கற்பனை செய்ய வேண்டும். இந்த ஆல்பத்தை முதன்முறை கேட்டபோது நான் விரலில் எண்ணித் தோற்றேன். இரண்டாம் முறை எழுந்து அறைக்குள் நடந்து பார்த்தேன், அப்போதுதான் பிடிபட்டது.

விநாயக்ராமின் கடம் இங்கே பக்கவாத்தியம் அல்ல. மிருதங்கம் இல்லாத மேடையில் தென்னாட்டுக் கணக்கு முழுவதையும் தாங்குவது அந்த மண்பானைதான். வடக்கத்தித் தபலா அதன் வழியில் வருகிறது, கௌரவம் பார்க்காமல் வருகிறது. ஜாகிரின் பெருந்தன்மைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

1997-ல் 'ரிமெம்பர் ஷக்தி' என்று மெக்லாஃப்லின் மறுபடி கூட்டினார், சங்கர் அதில் இல்லை. பிறகு வந்த யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலினும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவும் அரிய சொத்துகள். ஆனால் கச்சேரி மெல்ல மெல்ல ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் விழாவானது. 'திஸ் மொமென்டி'ல் அந்த இனிப்பு இன்னும் தூக்கல். ஷக்திக்கு வெளியே பார்த்தால், அகம், மதர்ஜேன் போன்ற கர்நாடக ராக் குழுக்களில் உழைப்பு இருக்கிறது, நான் விரும்பிக் கேட்கிறவைதான். எனினும் பல இடங்களில் கீர்த்தனையை நடுவில் வைத்துச் சுற்றிலும் கிட்டாரால் வேலி போடுகிறார்கள். நடைக்குள் இறங்குவதில்லை. புதிதாகக் குழு கட்டுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால், 1975-ஐயும் 2023-ஐயும் தள்ளி வைத்துவிட்டு 1990-லிருந்து தொடங்கச் சொல்வேன். ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் கண்ட நடையில் ஒரு மைல் நடந்து பழகச் சொல்வேன்.

2024 டிசம்பர் 15-ல் ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் மறைந்தார். அந்த மூவர் இனி ஒரு மேடையில் உட்காரப் போவதில்லை. நான் படித்த அஞ்சலிகளில் கிராமி எண்ணிக்கை இருந்தது, அவர் நடித்த தாஜ்மகால் டீ விளம்பரம்கூட இருந்தது. ஒன்பதரை அட்சரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.